எக்கோ மவுண்டன் வரலாற்று நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத் தமிழ் நண்பர்களை ஆல்டடீனாவுக்கு மேலே இருக்கும் எக்கோ மவுண்டனுக்குப் பல வருடங்களாக அழைத்துப் போய் வருகிறேன். கட்டணம் எதுவும் கிடையாது. பழைய ரயில் கதை சொல்லும் ஆசைதான் காரணம். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முந்தைய இரவு போனில் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்துவிட்டேன்.

முதல்ல, இது என்ன இடம்?

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு வடகிழக்கே, பாசடீனாவைத் தாண்டி, சான் கேப்ரியல் மலைகளின் முன்வரிசையில் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு குன்று. உயரம் சுமார் 3,200 அடி. 1893 ஜூலை 4 அன்று இங்கே மின்சார ரயில் வந்தது. அடுத்த சில வருடங்களில் 70 அறைகள் கொண்ட எக்கோ மவுண்டன் ஹவுஸ், அதைவிடச் சின்னதாக ஷாலே என்றொரு விடுதி, வானாய்வுக் கூடம், டென்னிஸ் மைதானம், சிறிய மிருகக்காட்சிசாலை என்று ஒரு குட்டி ஊரே இங்கே இருந்தது. கட்டடங்களுக்கெல்லாம் வெள்ளை அடித்திருந்ததால் பாசடீனாவிலிருந்து பார்த்தவர்கள் ‘வெள்ளை நகரம்’ என்றார்கள்.

இன்றைக்கு அங்கே படிகள், அஸ்திவாரங்கள், ஒரு பெரிய இரும்புச் சக்கரம் ஆகியவைதான் மிச்சம். ரயில்பாதை முழுவதும் 1993இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

‘மவுண்ட் லோ’ ரயில்னு சொல்றாங்களே, லோங்கிறது யாரு?

தாடியஸ் லோ. 1832இல் நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர், பலூன்காரர். 1861இல் வாஷிங்டன் நகரத்துக்கு மேலே பலூனில் ஏறி, அங்கிருந்தே தந்தி அடித்து அதிபர் லிங்கனுக்குச் செய்தி அனுப்பினார். அதைப் பார்த்த லிங்கன், உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காக அமைத்த பலூன் பிரிவுக்கு அவரையே தலைவராக்கினார். போருக்குப் பிறகு ஐஸ் தயாரிப்பு, நீர்வாயு என்ற எரிவாயுத் தயாரிப்பு என்று தொழில் செய்து பெரும் பணம் சம்பாதித்துவிட்டு, ஓய்வாக இருக்கலாம் என்று கலிபோர்னியாவுக்கு வந்தார்.

ஆனால் ஓய்வு அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. டேவிட் மக்பர்சன் என்ற பொறியாளர் மலைக்கு ரயில் விடும் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பணக்காரர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் சந்தித்துக்கொண்டார்கள். மவுண்ட் வில்சனுக்குப் போவதாகத்தான் முதலில் திட்டம். அங்கே வழியுரிமை கிடைக்காததால் பக்கத்து மலைக்குத் திரும்பினார்கள். அந்த மலைக்கு ஓக் மவுண்டன் என்றிருந்த பெயர் போய், லோவின் பெயர் வந்தது.

மேல கோயிலும் இல்ல, ஊரும் இல்ல. வெறும் ஓட்டலுக்கா இவ்ளோ செலவு பண்ணி ரயில் விட்டாங்க?

நம் ஆட்கள் மட்டுமே கேட்கும் கேள்வி இது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான். நமக்கு மலை ஏறுவது என்றாலே மேலே சாமி இருக்கவேண்டும். இல்லையென்றால் ஊட்டி மாதிரி ஊரோ, தேயிலையோ இருக்கவேண்டும். இங்கே எதுவும் இல்லை. ரயிலில் போவதே பொழுதுபோக்கு. மேலே போய்ச் சேர்ந்ததும் செய்வதற்கு ஏதாவது வேண்டும் என்பதற்காகத்தான் ஓட்டலும், நடன அரங்கும், தொலைநோக்கியும். இடத்துக்காக ரயில் வரவில்லை, ரயிலுக்காக இடம் வந்தது. நடையின்போது இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், மேலே கிடக்கும் ஒவ்வொரு கல்லும் எதற்கு என்று தானாகவே புரியும்.

வியாபாரமாகப் பார்த்தால் லோவுக்கு இது கட்டுப்படியாகவில்லை. தன் சொந்தப் பணத்தைக் கொட்டினார். பத்தாண்டுகூட அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. நிறுவனம் நீதிமன்ற நிர்வாகத்துக்குப் போய், கைமாறி, 1902இல் பசிபிக் எலக்ட்ரிக் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. 1913இல் பாசடீனாவில் மகள் வீட்டில் லோ காலமானார். சம்பாதித்த சொத்தில் அப்போது ஏறக்குறைய எதுவுமே மிச்சமில்லை. ரயில் அவருக்குப் பிறகும் கால் நூற்றாண்டு ஓடியது. மொத்தம் 30 லட்சம் பேர் பயணித்திருப்பார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

எவ்வளவு தூரம்? என்னால ஏற முடியுமா?

போக வர ஐந்தரை மைல், அதாவது ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஏற்றம் சுமார் 1,400 அடி. லேக் அவென்யூவின் வடகோடியில், லோமா ஆல்டா சாலையைச் சந்திக்கும் இடத்தில் இருக்கும் காப் எஸ்டேட் கேட்டிலிருந்து சாம் மெரில் டிரெயிலில் ஏறுகிறோம். பாதை வளைந்து வளைந்து ஏறும், கையை ஊன்றி ஏறவேண்டிய இடம் எதுவும் இல்லை. திருப்பதிக்கு நடந்தே ஏறியவர்களுக்கு இது சிரமமாகத் தெரியாது. வாரத்தில் ஏழு நாளும் நாற்காலியிலேயே இருப்பவர்களுக்கு முதல் முக்கால் மணி நேரம் மூச்சு வாங்கும், அப்புறம் பழகிவிடும். நின்று கதை கேட்கும் நேரத்தையும் சேர்த்து நான்கரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

சாம் மெரில் யார் என்றும் கேட்பார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, 1940களில், யாரும் சொல்லாமலே இந்தப் பாதையைச் செப்பனிட்டுக் காத்து வந்தார். 1948இல் இறந்தார். பாதைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். லோவின் பெயரில் இருந்த ரயில் போய்விட்டது, எழுத்தரின் பாதையில்தான் இன்றைக்கும் நடக்கிறோம்.

எந்த மாசம் வரலாம்?

அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. சரிவு முழுவதும் தெற்குப் பார்த்தது, நிழலே கிடையாது. ஒரு ஜூன் மாதம், ‘எல்லாரும் டிபன் சாப்பிட்டுவிட்டு வரட்டும்’ என்று தாராளமாக இருந்து, பத்து மணிக்குக் கிளம்பினேன். பாதி வழியில் ஒருவருக்குத் தலை சுற்றிவிட்டது. ஒரு புதரின் நிழலில் அவருடைய தலையை மட்டும் நுழைத்து உட்கார வைத்து, இருந்த தண்ணீரையெல்லாம் கொடுத்து, மெதுவாகக் கீழே இறக்கினோம். அன்றிலிருந்து காலை ஏழு மணி. தாமதமாக வருபவர்களுக்காகக் காத்திருப்பதில்லை.

மழை பெய்து ஓய்ந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ வாய்த்தால் விடாதீர்கள். புகைமூட்டம் கழுவிப் போயிருக்கும். நகரத்தைத் தாண்டிக் கடலும், கடலுக்கு நடுவே கேட்டலினா தீவும் தெரியும்.

தண்ணி, பாத்ரூம், டீக்கடை ஏதாவது இருக்குமா?

மூன்றும் இல்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பாத்ரூம் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். சாப்பாடு மேலே போய்த்தான். புளியோதரை கொண்டுவருபவர்கள் இரண்டு பேருக்குச் சேர்த்தே கொண்டுவந்துவிடுவதால் யாரும் பட்டினி கிடந்ததில்லை.

செருப்பு போட்டுட்டு வரலாமா? பாம்பு இருக்குமா?

செருப்பு வேண்டாம். உதிர்ந்த பாறைத்தூள் மேல் வழுக்கும், ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம். அடிப்பாகம் தேயாத ஷூ போதும்.

பாம்பு உண்டு. ராட்டில்ஸ்னேக் எனப்படும் கிலுகிலுப்பைப் பாம்பு, வெயில் ஏறிய பிறகு பாதையோரம் படுத்திருக்கும். சத்தம் கேட்டால் நின்று, பின்னால் நகர்ந்து, வழிவிடுங்கள். நான் பார்த்தவரை அதிகம் தொல்லை கொடுப்பது பாம்பு இல்லை, பாய்சன் ஓக் என்ற செடிதான். மூன்று மூன்று இலையாக இருக்கும். பட்டால் இரண்டு வாரம் சொறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான். பாதையை விட்டு விலகாமல் நடந்தால் இரண்டுமே பிரச்சினை இல்லை.

போட்டோவுல பார்த்தேன், வெறும் அஸ்திவாரம்தான் இருக்கு. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?

நேர்மையாகச் சொல்கிறேன்: சும்மா போய்ப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மகாபலிபுரம் மாதிரி எதையாவது எதிர்பார்த்து வராதீர்கள். அதனால்தான் பழைய படங்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, பையில் கொண்டு வருகிறேன். மேலே போனதும் முதலில் ஓட்டலின் முகப்புப் படிகளுக்குப் போவோம். அகலமான படிகள், ஏறிப் போனால் முடியும் இடத்தில் புல்லும் வானமும்தான். படத்தை அந்தப் படிக்கட்டின் மேல் நீட்டிப் பிடித்தால் அதே படிகளில் தொப்பி போட்ட ஆண்களும் நீளப் பாவாடை கட்டிய பெண்களும் நிற்பார்கள். படிகளை வரிசையாக ஒப்பிட்டு ‘இந்தம்மா நிக்கிற படி இதுதான்’ என்று கண்டுபிடிப்பது குழந்தைகளின் வேலை. பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் தள்ளி வானாய்வுக் கூடம் இருந்த இடம். லூயிஸ் ஸ்விஃப்ட் என்ற வானியலாளர் 1894இல் எழுபது வயதைத் தாண்டிய பிறகு, நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரிலிருந்து தன் 16 அங்குலத் தொலைநோக்கியையும் எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். ஆகஸ்ட் மாதம் நாம் மொட்டை மாடியில் படுத்துப் பார்க்கும் பெர்சீட் எரிகல் மழை இருக்கிறதே, அது ஸ்விஃப்ட்-டட்டில் வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசு. 1862இல் அதைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் இவர்தான். அந்தத் தொலைநோக்கி பின்னாளில் சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே நகர வெளிச்சமில்லாத இருட்டு ஒரு காலத்தில் இருந்தது என்பதைக் கீழே மின்னும் லாஸ் ஏஞ்சலஸைப் பார்த்துக்கொண்டே நம்புவது கஷ்டம்தான்.

இத்தனைக்கும் ஓட்டல்காரர்களே அந்த இருட்டைக் கலைத்தார்கள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் வைத்திருந்த மாபெரும் தேடுவிளக்கை வாங்கி வந்து இங்கே நிறுத்தி, இரவானால் பாசடீனா தெருக்களின் மேல் வெளிச்சம் அடித்து வேடிக்கை காட்டினார்கள். பக்கத்திலேயே வானாய்வுக் கூடம்! ஸ்விஃப்ட் என்ன நினைத்திருப்பார் என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன்.

அந்தப் பெரிய சக்கரம் எதுக்கு? பழனி வின்ச் மாதிரியா?

பழனி வின்ச்சில் ஏறியிருந்தால் பாதி புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே ரூபியோ கேன்யன் வரை சாதாரண மின்சார டிராம். அங்கிருந்து எக்கோ மவுண்டன் உச்சிக்கு ‘கிரேட் இன்க்ளைன்’ என்ற சரிவுப்பாதை: சுமார் 3,000 அடி நீளம், ஏறக்குறைய 1,300 அடி உயரம். இரண்டு பெட்டிகளை ஒரே இரும்பு வடத்தில் கட்டியிருந்தார்கள். ஒன்று இறங்கும்போது அதன் எடையே மற்றதை மேலே இழுக்கும். கிணற்று உருளையில் இரண்டு பக்கமும் வாளி கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. மோட்டார் இரண்டு பெட்டிகளின் எடை வித்தியாசத்தையும் உராய்வையும் சமாளித்தால் போதும். அந்த வடம் சுற்றி வந்த சக்கரம்தான் மேலே நீங்கள் பார்ப்பது. விளிம்பில் வரிசையாக இருக்கும் இரும்புத் தாடைகளைத் தொட்டுப் பாருங்கள். வடத்தின் இறுக்கத்தால் தானாக மூடிக் கவ்வும், வடம் விலகும்போது தானாகத் திறக்கும். வடிவமைத்தவர் ஆண்ட்ரூ ஹாலிடி, சான் பிரான்சிஸ்கோவின் கேபிள் காரைக் கொண்டுவந்தவர்.

இன்னொரு சாமர்த்தியம் தண்டவாளத்தில். இரண்டு பெட்டிக்கு நான்கு தண்டவாளம் வேண்டும். ஆனால் இங்கே மூன்றுதான். நடுத் தண்டவாளம் இரண்டுக்கும் பொது. சரியாகப் பாதி வழியில் மட்டும் அது இரண்டாகப் பிரிந்து நான்காகி, பெட்டிகள் ஒன்றையொன்று கடந்ததும் மறுபடி மூன்றாகிவிடும். மாற்றிவிட ஆளும் தேவையில்லை, நகரும் பாகமும் இல்லை. சரிவு இடத்துக்கு இடம் மாறும் என்பதால், பெட்டியின் இருக்கைகள் மாடிப்படி மாதிரி மூன்று தட்டாக இருந்தன.

என்னைக் கேட்டால் இந்த மலையின் உண்மையான நினைவுச்சின்னம் ஓட்டல் படிகள் இல்லை, இந்தச் சக்கரம்தான். ஓட்டல்கள் எங்கேயும் இருந்தன.

ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரம் வச்சிருக்கலாமே?

மக்பர்சனின் முதல் யோசனையே அதுதான்: நீராவி எஞ்சின், பல்சக்கரம். லோ பிறந்த நியூ ஹாம்ப்ஷயரில் மவுண்ட் வாஷிங்டன் மேல் 1869இலிருந்தே பல்சக்கர ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் மின்சாரத்தில் நடக்கட்டும் என்று மாற்றியவர் லோ. 1893இல் மின்சார டிராமே புதுசு, மலைமேல் மின்சாரம் என்பது பெரிய துணிச்சல்.

சரிவைக் கணக்குப் போட்டால் விஷயம் தெரியும். ஊட்டி ரயில் அதன் மிகச் செங்குத்தான இடத்தில் நூறு அடி முன்னே போனால் எட்டு அடிதான் ஏறுகிறது. நம் இன்க்ளைன் அதன் மிகச் செங்குத்தான இடத்தில் நூறு அடிக்கு 62 அடி ஏறியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் போனது 1899இல், இதற்கு ஆறு வருடம் கழித்து. ஆனால் அது இன்றும் ஓடுகிறது, இது ஓடவில்லை. மேலே ஊர் இருந்த வித்தியாசம்.

எதிரொலி இன்னும் கேட்குமா?

கேட்கும். குன்றுக்கு எக்கோ என்று பெயர் வந்ததே அதனால்தான். அந்தக் காலத்தில் பெரிய கூம்புக்குழல்களை நிறுத்தி, எந்தப் பக்கம் கத்தினால் நன்றாகத் திரும்பி வருமோ அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார்கள். ‘எக்கோஃபோன்’ என்று பெயர். அதே மாதிரி ஒரு குழலைத் தன்னார்வலர்கள் இங்கே மறுபடி நிறுத்தினார்கள்.

எங்கள் அனுபவத்தில் நீளமான வாக்கியம் எடுபடாது, குழம்பிவிடும். குட்டி வார்த்தை, நெடிலில் முடியவேண்டும். ‘ஹலோ’ சுமார்தான். ‘ஏலே’ அருமையாகத் திரும்பி வரும், திருநெல்வேலிக்காரர்களுக்குப் பெருமை. காலையில் காற்று வீசாத நேரம் நல்லது. ஒருவர் கத்தி முடிக்கும்வரை மற்றவர்கள் சும்மா இருக்கவேண்டும். இது மட்டும் எங்கள் குழுவால் இன்றுவரை முடிந்ததில்லை.

எப்படி அழிஞ்சுது? யாராவது கொளுத்திட்டாங்களா?

கொளுத்தவெல்லாம் வேண்டியிருக்கவில்லை. மரக்கட்டடம், மலைக்காற்று, தீயணைக்கத் தண்ணீர் இல்லாத உச்சி. எக்கோ மவுண்டன் ஹவுஸ் 1900 பிப்ரவரி 5 அன்று எரிந்தது. மறுபடி கட்டவே இல்லை. 1905 டிசம்பரில் பெருங்காற்றோடு வந்த தீயில் ஷாலேயும் மற்றவையும் போயின. வானாய்வுக் கூடம் தப்பியது. 1909இல் மழையும் பாறைச்சரிவும் ரூபியோ கேன்யனில் இருந்த கீழ்விடுதியை நொறுக்கின. 1928இல் ஒரு சூறைக்காற்று வானாய்வுக் கூடத்தையும் கொண்டுபோனது.

அதற்குப் பிறகும் ரயில் ஓடியது என்பதுதான் ஆச்சரியம். எக்கோ மவுண்டனைத் தாண்டி மலைக்குள் இன்னும் மூன்றரை மைல், 127 வளைவு, 18 பாலம் கடந்து ஆல்பைன் டேவர்ன் என்ற விடுதிக்கு ஒரு பாதை 1895இல் போட்டிருந்தார்கள். கூட்டம் அங்கே போய்க்கொண்டிருந்தது. 1936 செப்டம்பரில் டேவர்னும் எரிந்தது. 1938 மார்ச் பெருமழையில் பாதையே அடித்துக்கொண்டு போக, மிச்சமிருந்த இரும்பைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள்.

எரிஞ்சது சரி, சுவர்கூட ஏன் மிச்சமில்லை?

கல்லும் கான்கிரீட்டுமாக நிறையவே மிச்சமிருந்தது. இடிபாட்டில் ஏறி விளையாடுபவர்களுக்கு ஆபத்து என்று, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் வனத்துறையே வெடி வைத்துத் தகர்த்தது. தீக்கும் வெள்ளத்துக்கும் தப்பியதை டைனமைட் முடித்துவைத்தது. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் ஏறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 தீக்கு அப்புறம் அங்க போக முடியுமா?

2025 ஜனவரி 7 அன்று பக்கத்து ஈட்டன் கேன்யனில் தொடங்கிய தீ இந்த மலைச்சரிவையும் அடிவாரத்து ஆல்டடீனாவையும் எரித்தது. 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதன்பின் ஏஞ்சலஸ் தேசிய வனத்தில் எரிந்த பகுதிகளை மூடி ஆணை போட்டார்கள். இந்த ஆணைகளின் எல்லையும் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் கிளம்பும் வாரத்தில் வனத்துறையின் அறிவிப்பைத் திறந்து, சாம் மெரில் என்ற பெயர் மூடிய பாதைகளின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ‘போன மாசம் நண்பன் போனான்’ என்பது கணக்கில்லை. மூடிய பகுதிக்குள் நுழைந்தால் தனிநபருக்கு 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. மூடியிருந்தால் எங்கள் நடையும் கிடையாது, விதிவிலக்கும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. எரிந்த மலையில் வேர் பிடிப்பு போய்விடுவதால் மழையில் கல்லும் சேறும் சரியும். பாதை திறந்திருந்தாலும் மழை நாளில் போகக்கூடாது.

அடிவாரத் தெருக்களில் எரிந்த வீட்டு மனைகளைப் படம் எடுக்கவே எடுக்காதீர்கள். நூறு வருடத்துக்கு முந்தைய இடிபாட்டைப் பார்க்கத்தான் போகிறோம், நேற்று வரை ஒருவர் சமைத்துச் சாப்பிட்ட இடத்தை வேடிக்கை பார்க்க இல்லை.

காப் எஸ்டேட் கேட்டுக்குப் பக்கத்துல இருக்குறது பேய்க்காடுன்னு சொல்றாங்களே?

பெயர் அப்படித்தான் பரவியிருக்கிறது. சார்லஸ் காப் என்ற மர வியாபாரியின் தோட்டம் அது. பின்னர் கைமாறி, 1950களில் மார்க்ஸ் சகோதரர்கள் என்ற நகைச்சுவை நடிகர்களிடம் இருந்தது. 1971இல் ஏலத்துக்கு வந்தபோது உள்ளூர் மக்களும் பள்ளி மாணவர்களும் சேர்ந்து பணம் திரட்டி, 1,75,000 டாலருக்கு வாங்கி, வனத்துறைக்கே கொடுத்துவிட்டார்கள். அதனால்தான் நாம் இலவசமாக நடக்கிறோம். பேயை நான் பார்த்ததில்லை. பையன்கள் ராத்திரியில் அங்கே போய்ப் பயந்து ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் பையன் ஒரு பழைய ஆணி எடுத்துட்டு வந்துட்டான். பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. ஒரு முறை ஆறு வயதுப் பெண் குழந்தை கீழே இறங்கி வந்த பிறகு உள்ளங்கையைத் திறந்து காட்டினாள்: நகக்கண் அளவு வெள்ளைப் பீங்கான் சில்லு, ஓரத்தில் நீலக்கோடு. தட்டாக இருந்திருக்கலாம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது கூட்டரசு நிலம். நூறு வருடத்தைத் தாண்டிய பொருளைத் தொல்பொருளாகவே சட்டம் பார்க்கிறது. அடுத்த நடையில் நான் கொண்டுபோய்ப் படிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவளுக்குப் போட்டோ அனுப்பினேன். எடுத்துவிட்டால் என்னிடம் கொடுங்கள், திட்டமாட்டேன்.

இன்க்ளைன் போன கோட்டிலேயே நேரா ஏறினா சீக்கிரம் போயிடலாமே?

சரிவு எவ்வளவு என்று ஊட்டி ரயில் கேள்விக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன். தண்டவாளமும் பாலமும் இல்லாத, உதிரும் பாறை. ரூபியோ கேன்யன் பக்கம் சிக்கிக்கொண்டு மீட்புக்குழுவை வரவழைத்த கதைகள் உண்டு. இந்த யோசனையோடு வருபவர்களை வரிசையில் எனக்குப் பின்னாலேயே நடக்க வைப்பேன்.

எக்கோவோட நிக்காம டேவர்ன் வரைக்கும் போலாமா?

உடம்பு ஒத்துழைத்தால் அதுதான் நல்ல நடை. போக வர பத்து மைலுக்குக் குறையாது. மலைக்குள் ரயில் போன தடத்திலேயே நடப்பதால் ஏற்றம் மெதுவானது. ‘கிரானைட் கேட்’ என்ற இடத்தில் பாறையை வெட்டிப் பிளந்து பாதை போட்டிருப்பார்கள். ரயில் தன்னைத்தானே சுற்றி மேலேறிய வட்டப்பாலத்தின் தாங்குமேடைகளும் வழியில் வரும். ஆனால் அந்தப் பகுதி தனியாக மூடப்பட்டிருக்கலாம். தீ பற்றிய கேள்விக்குச் சொன்ன அதே சோதனையை இதற்கும் செய்யவேண்டும். ரயில் மவுண்ட் லோ சிகரத்தை ஒருபோதும் எட்டவில்லை என்பதையும் டேவர்ன் இருந்த இடத்தில் நின்றுதான் சொல்வேன். அண்ணாந்து பார்த்தால்தான் அது உறைக்கும்.

வழிகாட்டி எதுக்கு? கூகுள் மேப் வச்சு நாங்களே போயிக்கறோம்.

தாராளமாகப் போங்கள், பாதை தெளிவாகவே இருக்கும். மேலே போய் ‘இவ்ளோதானா?’ என்று தோன்றினால் அடுத்த முறை எங்களோடு வாருங்கள். பழைய படங்கள் என் பையில்தான் இருக்கும்.

அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க. அப்பாவுக்கு மூட்டுவலி. கீழேயிருந்தே காட்ட முடியுமா?

முடியும். லேக் அவென்யூவில் வடக்கு நோக்கிக் காரை மெதுவாக ஓட்டி வாருங்கள். பெரிய மலைகளுக்கு முன்னால் தோள் மாதிரி ஒரு குன்று தட்டையாக நிற்கும், அதுதான். மாலை நான்கு மணி வாக்கில் சாய்ந்த வெயிலில் மடிப்புகள் நன்றாகத் தெரியும். பைனாகுலர் இருந்தால் கொண்டு வாருங்கள். அந்த நேரத்தில் நான் ஊரில் இருந்தால் படங்களையும் எடுத்து வருகிறேன். போன முறை ஒரு நண்பரின் அப்பா, பழனிக்காரர், காரில் உட்கார்ந்தபடியே சக்கரத்தின் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ‘வடத்தை எத்தனை மாசத்துக்கு ஒருக்கா மாத்துவாங்க தம்பி?’ என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த கேள்வியாக இங்கே சேர்ப்பதற்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.